கடைசி இருக்கைவரை எட்டாத வெளிச்சம்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:9-18

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

இந்த லெந்து நாட்களில் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சில வாரங்களாகவே என் உள்ளத்தில் பாரமாயிருந்த ஒரு காரியத்தை இன்று எழுதுகிறேன். அது இரண்டு கேமராக்களைப் பற்றிய செய்தியாகத் தொடங்கும், பொறுமையோடு வாசியுங்கள்.

என்னிடம் ஒரு பழைய கேமரா இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கேனன் 300டி என்பது அதன் பெயர். 2003ஆம் ஆண்டு வெளிவந்த டிஜிட்டல் எஸ்எல்ஆர் அது. 2004இல் என் மூத்த சகோதரர் அதை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்நாள் முதல் நான் ஊழியம் செய்த சபைகளில் நடந்த ஞானஸ்நானங்களையும், திடப்படுத்தல் ஆராதனைகளையும், உயிர்த்தெழுதல் பண்டிகையின் அதிகாலைப் பவனிகளையும் அதில்தான் எடுத்தேன். அன்று திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை ஞானஸ்நானத்திற்குத் தூக்கி வருகிறார்கள். கேமராவோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஆலயத்தில் மற்றொரு கேமராவும் உண்டு. நம்முடைய வாலிபர் சங்கத்தார் 2017இல் காணிக்கை சேர்த்து வாங்கிய கேனன் 80டி. அதை வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்கள் வாலிபப் பிள்ளைகளே. கடந்த கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு முந்தின நாள், ஒரு தம்பி என் அறைக்கு வந்து மேசைமேல் இருந்த பழைய கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, இதை இன்னுமா வச்சிருக்கீங்க? ரெண்டுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?”

நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. “நாளைக்கு ரெண்டுலயும் எடுத்துப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

எண்களை மட்டும் பார்த்தால் விடை எளிது. பழையது 6.3 மெகாபிக்சல், புதியது 24.2 மெகாபிக்சல். பழையது தொடர்ச்சியாக நான்கு படங்களை எடுத்தவுடன் சற்று நேரம் மூச்சு வாங்கும். புதியது ஒரு நொடிக்கு ஏழு படங்கள் வரை எடுக்கும். பழையதின் பின்புறத் திரை 1.8 அங்குலம், தீப்பெட்டியைவிடச் சிறியது. புதியதின் திரை 3 அங்குலம். விரலால் தொட்டால் கேட்கும்.

ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு அருகருகே வையுங்கள். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை நேர்த்தியாக அச்சிட ஏறக்குறைய இரண்டு மெகாபிக்சல் போதும். மீதமுள்ளவை அந்த அச்சில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண்கள் பலவற்றின் நிலை இதுதான். சபைகளின் அங்கத்தினர் எண்ணிக்கையும் காணிக்கைத் தொகையும்கூட இதில் சேரும் என்று ஒரு போதகன் சொன்னால் நீங்கள் கோபப்படமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நல்ல வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வித்தியாசம் இருளில்தான் வெளிப்படுகிறது.

மெழுகுவர்த்தி வேளை

கீத ஆராதனையைப் பாடகர் குழுவும் வாலிபரும் நடத்தினார்கள். எனக்கு ஆரம்ப ஜெபமும் முடிவில் ஆசீர்வாதமும் மட்டுமே. ஆகவே, கடைசிப் பாடலுக்கு முன் ஆலய விளக்குகளை அணைத்து மெழுகுவர்த்திகளை ஏற்றும் வேளையில், பீடத்தின் படியருகே ஓரமாக நின்று சபையை நோக்கிப் படம் எடுத்தேன். ஒப்பிடுதல் நியாயமாயிருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே லென்ஸை முதலில் பழையதிலும், உடனே கழற்றிப் புதியதிலும் பொருத்தினேன். 1990இல் வந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் அது. கேனன் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த அதே பொருத்துவளையம் இவ்விரண்டு கேமராக்களிலும் இருப்பதால் இது முடிந்தது. இரண்டின் சென்சாரும் ஏறக்குறைய ஒரே அளவுதான்; 22 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அகலம். ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே துவாரம், ஒரே ஷட்டர் வேகம். இரண்டிற்குள்ளும் நுழைந்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே.

ஐஎஸ்ஓ என்ற ஓர் அளவு மட்டும் வேறுபட்டது. குறைந்த வெளிச்சத்தில் கேமரா எவ்வளவு தூரம் பார்க்க முயலுகிறது என்பதற்கான அளவு அது. பழையதில் அதன் உச்சம் 1600. அதற்குமேல் திருப்ப இடமில்லை. புதியது 16000 வரை செல்லும். நான் அதை 6400இல் வைத்தேன்; பழையதின் உச்சத்தைப்போல் நான்கு மடங்கு.

அன்றிரவு வீட்டில் இரண்டு படங்களையும் கணினியில் திறந்தேன். பழைய படத்தில் முன்வரிசைகள் அழகாயிருந்தன. மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் பிள்ளைகளின் முகங்கள் பொன்னிறமாய் ஒளிர்ந்தன. நடுவரிசைகளில் முகங்கள் மங்கின. அதற்கப்பால் எல்லாம் கருமை. கணினியில் அந்தப் படத்தின் பிரகாசத்தை நான்கு மடங்கு உயர்த்திப் பார்த்தேன். இருட்டு விலகியது, ஆனால் அங்கே மனிதர்கள் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் நீலமுமான புள்ளிகள் எறும்புக்கூட்டம்போல் எழும்பி வந்தன.

பிறகு புதிய படத்தைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் பின்னோக்கிச் சென்றேன். மேல்மாடத்தின் கீழே, பக்கவாசலை ஒட்டிய கடைசி இருக்கையில், ஒரு தாயார் தனியாக உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தித் தலை குனிந்திருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதை அவர் அமர்ந்திருந்த விதமே சொன்னது. மடியில் மெழுகுவர்த்தி இருந்தது. அது ஏற்றப்படவில்லை.

ஏன் ஏற்றப்படவில்லை என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்தது. பீடத்திலிருந்து எடுத்த நெருப்பை முன்வரிசையிலிருந்து ஒருவர் மற்றவருக்குக் கொடுத்து, பின்னோக்கிக் கொண்டுபோவது நம் வழக்கம். அவருக்கு முன்னிருந்த இரண்டு வரிசைகளும் அன்று காலியாக இருந்தன. வெளிச்சம் அதற்கு முந்தின வரிசையோடு நின்றுவிட்டது.

ஏலியின் இருக்கையில் நான்

பிரியமானவர்களே, அந்தத் தாயாரை நான் அறியாதவனல்ல. எனக்குள் அவரைப்பற்றி ஒரு முடிவான எண்ணமே இருந்தது: ஆசீர்வாதத்திற்கு முன்பே எழுந்து போய்விடுகிறவர். ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாடல் தொடங்கும்போது பக்கவாசல் திறப்பதைப் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே, அறுப்பின் பண்டிகையை ஒட்டிய ஒரு ஞாயிறு, கர்த்தருடைய ஆசீர்வாதத்திற்குக் காத்திருக்க ஐந்து நிமிடம் இல்லாதவர்களைக் குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து கடுமையாகப் பேசினேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். சிலர் அதைப் பாராட்டவும் செய்தீர்கள்.

அந்தப் படத்திற்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சீலோவின் ஆலயம் என் நினைவுக்கு வந்தது. ஆசாரியனாகிய ஏலி ஆலயத்தின் வாசல்நிலை அருகே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். அன்னாள் மனங்கசந்து, மிகவும் அழுது, கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணுகிறாள். அவளுடைய உதடுகள் அசைகின்றன, சத்தமோ கேட்கவில்லை. ஏலி அவள் வாயைக் கவனித்துக்கொண்டே இருக்கிறான் என்று வேதம் சொல்லுகிறது. அவன் பார்க்காமல் இருந்தவனல்ல. பார்த்தான், பார்த்துவிட்டு, அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று தீர்மானித்தான்.

வெகு நாட்களாக இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நான் அன்னாளின் பக்கமே நின்றிருக்கிறேன். அன்றிரவுதான் என் இருக்கை எது என்பதைக் கண்டேன்.

மறுநாள் மாலை அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். நம் ஆலயத்திலிருந்து நடக்கும் தூரம்தான். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் நான் அந்த வாசற்படி ஏறியதில்லை. அவருடைய சம்மதத்தோடு சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். பக்கவாதத்தால் விழுந்த கணவர் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். ஞாயிறு காலையில் அவருக்கு உணவூட்டி, துணி மாற்றி, கதவைச் சாத்திவிட்டு ஆலயத்திற்கு வருகிறார். அடுத்த மருந்து வேளைக்குள் திரும்பியாக வேண்டும். கணவர் தானாகப் புரண்டு படுக்கவும் இயலாதவர்.

என் பிரசங்கத்திற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “எனக்குத்தான் சொல்றீங்கன்னு தெரியும்யா. ஆனா நான் ஆசீர்வாதத்தை விடுறதில்ல. வெளியில ஸ்பீக்கர் இருக்குல்ல? தெருமுனை வரைக்கும் நல்லா கேக்கும். அங்க ஒரு நிமிஷம் நின்னு ஆமென் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன்.”

நான் ஆசீர்வாதம் கூறும்போது கைகளை உயர்த்திச் சபையைப் பார்க்கிறேன். சுவருக்கு அப்பால், தெருமுனையில், ஒருவர் தலைகுனிந்து நின்று அதைப் பெற்றுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் கூடவில்லை, இரைச்சல் குறைந்தது

இப்போது அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே அளவு வெளிச்சத்தில் புதிய கேமரா கண்டதைப் பழைய கேமரா ஏன் காணவில்லை?

சென்சாரின்மேல் ஒளி விழும்போது ஒவ்வொரு புள்ளியிலும் மிகச் சிறிய மின்னூட்டம் சேருகிறது. அதை வாசித்துப் பெருக்கித்தான் கேமரா படமாக்குகிறது. ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் வெளியிலிருந்து ஒரு துளி வெளிச்சமும் கூடுதலாக வருவதில்லை. வந்ததைப் பெருக்குவது மட்டுமே நடக்கிறது. இங்கேதான் சிக்கல். மின்னணுக் கருவி எதுவானாலும் தனக்குள்ளேயே கொஞ்சம் இரைச்சல் உண்டு. வெளிச்சம் நிறைவாக இருக்கும்போது அந்த இரைச்சல் தெரியாது. வெளிச்சம் அற்பமாயிருக்கும்போதோ, இருளில் அமர்ந்திருப்பவரின் முகத்திலிருந்து வரும் சிறு செய்தியும் கருவியின் சொந்த இரைச்சலும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுகின்றன. பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகுகின்றன.

என் வயதுக்காரர்களுக்கு இது எளிதாக விளங்கும். அந்நாட்களில் இரவு வேளையில் இலங்கை வானொலியைத் திருப்பி வைப்போமே, பாட்டு மெலிதாக வரும். அதைக் கேட்க ஒலியைக் கூட்டினால் கரகரப்பும் கூடவே எழும்பும். கரகரப்பு பெட்டிக்குள் இருக்கும்வரை, ஒலியைக் கூட்டுவதால் பாட்டு தெளிவாகாது.

இவ்விரண்டு கேமராக்களுக்கும் இடையில் கடந்த ஆண்டுகளில் பொறியாளர்கள் செய்த முக்கியமான வேலை இதுவே. விழும் வெளிச்சத்தைச் சிந்தவிடாமல் சேர்க்கும்படி சென்சாரைச் செம்மையாக்கினார்கள். சேர்ந்ததை வாசிக்கும்போது கருவியின் சொந்த இரைச்சல் அதை மூடிவிடாதபடி அமைதியாக்கினார்கள். ஆகவேதான் பெருக்கும்போது எறும்புப் புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு முகம் கிடைத்தது. அந்தப் படமும் குறையற்றது என்று சொல்லமாட்டேன். மெல்லிய புள்ளிகள் அதிலும் உண்டு. வெளிச்சம் அரிதான இடத்தில் எந்தக் கேமராவும் அதற்குத் தப்பாது. ஆனால் முகம் முகமாக இருந்தது.

என்னை அதிகமாக யோசிக்கவைத்தது இதுதான். ஊழியத்தில் யாரையாவது காணத் தவறும்போது, “இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும், இன்னும் அதிகமாகக் கூட்டங்கள் வைக்க வேண்டும், இன்னும் உரத்துப் பேச வேண்டும்” என்று நினைக்கிறோம். அது பழைய கேமராவின் ஐஎஸ்ஓவைத் திருகுவதுபோல. எனக்குள் இருந்த இரைச்சலைச் சற்று எண்ணிப் பார்த்தேன். அடுத்த பிரசங்கத்தின் குறிப்புகள். சபைக் குழுவில் நடந்த வாக்குவாதம். யார் வரவில்லை என்ற கணக்கு. சட்டைப்பையில் அதிரும் கைப்பேசி. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இரைச்சல், ஒருவரைப் பற்றி ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட எண்ணம். அந்தத் தாயாரின் கண்ணீர் எனக்கு எட்டுமுன்பே, “சீக்கிரம் போகிறவர்” என்ற என் எண்ணம் அதை மூடிப்போட்டது. ஏலியின் காரியமும் அதுவே. அவன் உள்ளத்தில் ஆயத்தமாயிருந்த தீர்ப்பு, அன்னாளின் சத்தமற்ற ஜெபத்தைவிட உரத்ததாயிருந்தது.

எரிகோவின் வழியருகே பர்திமேயு கூப்பிட்டபோது அவனைச் சூழ்ந்திருந்தவர்கள் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். அவர்களும் இயேசுவோடு நடந்தவர்களே. திரளான ஜனங்களின் ஆரவாரத்திலும் ஆண்டவர் ஒருவனுடைய சத்தத்தைக் கேட்டு நின்றார். எருசலேமை நோக்கி, சிலுவையை நோக்கிப் போகும் பயணம் அது. அவருக்கு இருந்த பாரத்தைவிடப் பெரிய பாரம் எவருக்கு இருந்தது? ஆயினும் அந்தப் பாரம் அவருக்குள் இரைச்சலாகவில்லை. பிதாவோடு தனித்திருந்த அதிகாலை வேளைகளில் அவர் பெற்றுக்கொண்ட அமைதி அது என்று நான் விசுவாசிக்கிறேன்.

ஏலியைக் குறித்தும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அன்னாள் தாழ்மையோடு தன் நிலையை எடுத்துச் சொன்னபோது, அவன் தன் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதே இடத்தில் அவளைச் சமாதானத்தோடே அனுப்பி, தேவன் அவள் விண்ணப்பத்தைக் கட்டளையிடும்படி ஆசீர்வதித்தான். தவறாகக் கண்டவனுக்கும் திருந்தக் காண்பதற்கு வழி உண்டு. எனக்கு அது மிகுந்த ஆறுதல்.

பழைய கேமராவை நான் குறை சொல்லவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட திறனில் அது உண்மையாகவே உழைத்தது. அதனால் தன்னைத் திருத்திக்கொள்ள இயலாது. 1600 என்றால் என்றைக்கும் 1600தான். நாமோ அப்படிப்பட்டவர்கள் அல்ல. நம்முடைய உள்ளத்தை அமைதிப்படுத்தப் பரிசுத்த ஆவியானவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒரு போதகனையும் அவர் புதிதாகக் காணப் பழக்குகிறார்.

அந்தப் படத்தை நான் வேறொருவருக்கும் காட்டவில்லை. அந்தத் தாயாரிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டபடி அழித்துவிட்டேன். அவருடைய கணவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் குடும்பங்களிலிருந்து ஞாயிறுதோறும் இருவர் முறைவைத்து அவரோடு இருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில் திருவிருந்தை அவருடைய படுக்கையருகே கொண்டுபோகிறேன். தாயாரோ இன்னும் கடைசி இருக்கையில்தான் உட்காருகிறார். அது அவருக்குப் பழகிய இடமாம். ஆனால் இப்போது ஆசீர்வாதம் முடியும்வரை இருக்கிறார்.

மற்றொன்றையும் சபைக் குழுவில் பேசியிருக்கிறோம். வரும் கீத ஆராதனையில் பீடத்து நெருப்பை முதலாவது மேல்மாடத்தின் கீழுள்ள கடைசி இருக்கைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து முன்னோக்கி ஏற்றி வருவோம்.

இந்த வாரம் சிந்திக்க

உங்கள் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில், நீங்கள் ஏற்கெனவே தீர்ப்பெழுதி முடித்துவிட்ட ஒருவர் உண்டா? பேசாத மருமகள், கோபக்கார அண்ணன், கடன் திருப்பித் தராத அயலார், ஆலயத்திற்கு வராமல் நின்றுபோன சிநேகிதர்? இந்த வாரம் அவருக்கு ஆலோசனை சொல்லப் போகவேண்டாம். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போய், அரைமணி நேரம் அவர் பேசுவதைக் கேளுங்கள்.

ஜெபம்

அன்னாளின் சத்தமற்ற விண்ணப்பத்தைக் கேட்ட ஆண்டவரே, நாங்கள் பார்த்தும் காணாமற்போனவர்களுக்காக எங்களை மன்னியும். எங்களுக்குள் எழும்பும் இரைச்சலை உம்முடைய சமுகத்தில் அடக்கியருளும். கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவர்களையும், தெருமுனையில் நின்று ஆமென் சொல்லுகிறவர்களையும் கண்டுகொள்ளும் கண்களைத் தாரும். நாங்கள் பெற்ற வெளிச்சம் எங்கள் வரிசையோடு நின்றுவிடாதிருக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.

அவருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்